லூக்கா 14:26-ஐ எந்த மொழிபெயர்ப்பில் படிப்பது?

காரைக்குடிப் பக்கம் பைபிளில் வரும் இந்த வசனத்தை வாசித்தாலே யாராவது கேட்டுவிடுவார்கள்: “அதெப்படிங்க, பெத்த ஆத்தாளை வெறுக்கச் சொல்வாரா இயேசு?” உறவிலேயே ஊறிய ஊர். கேள்வி நியாயம்தான்.

பழைய மொழிபெயர்ப்பில், தகப்பனையும் தாயையும் ‘வெறுக்காவிட்டால்’ எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்றே இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் ‘வெறு’ என்ற சொல்தான். 1995-இல் வந்த ‘திருவிவிலியம்’ என்ற மொழிபெயர்ப்போ ‘என்னைவிட மேலாகக் கருதினால்’ என்று பொருளை விரித்துச் சொல்கிறது. அது இட்டுக்கட்டியது அல்ல. மத்தேயு 10:37-உம் அதையே சொல்கிறது. ஆதியாகமம் 29-இல் யாக்கோபு தன் மனைவியர் இருவரில் லேயாளைவிட ராகேலை அதிகமாக நேசித்தான். அடுத்த வசனத்திலேயே எபிரேய மூலம் லேயாளை ‘வெறுக்கப்பட்டவள்’ என்கிறது. குறைவாக நேசிப்பதை அப்படிச் சொல்வது எபிரேயர் வழக்கு.

வீட்டு ஜெபத்துக்குத் திருவிவிலியம் போதும். வகுப்பு என்றால் நான் பழையதைத்தான் எடுப்பேன். அந்தச் சொல் குத்தினால்தான் கேள்வியே பிறக்கிறது.