ஐபோன் 12: சார்ஜர் இல்லாத பெட்டியும் ஆப்பிளின் பசுமை வாக்குறுதியும்

2021-ஆம் ஆண்டின் நடுவில் வாங்கிய ஐபோன் 12-ஐ நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அதன் கேமராவையும் திரையையும் பற்றிப் பலர் அப்போதே விரிவாக எழுதிவிட்டார்கள். அவற்றில் எனக்கு இன்றும் குறை இல்லை. அறிமுக நிகழ்ச்சியில் ஆப்பிள் நிறுவனம் அழுத்தமாக முன்வைத்த வேறொரு செய்தியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். சுற்றுச்சூழலைக் காப்பதற்காகப் பெட்டியிலிருந்து சார்ஜரையும் இயர்போனையும் நீக்குகிறோம் என்று 2020 அக்டோபரில் அந்நிறுவனம் அறிவித்தது. அந்த அக்கறை எவ்வளவு உண்மையானது என்பதையும் ஒரு பொருளின் தரமாகவே கருதி ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அறிவிப்பை வெளியிட்டவர் லிசா ஜாக்சன். ஆப்பிளுக்கு வருவதற்கு முன் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தலைமை வகித்தவர் என்பதால் அவருடைய கணக்குகளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உலகில் ஏற்கெனவே 200 கோடிக்கும் அதிகமான ஆப்பிள் சார்ஜர்கள் இருக்கின்றன என்றும், பெட்டி சிறியதாவதால் சரக்கு அனுப்பும் ஒவ்வொரு தட்டிலும் 70 விழுக்காடு கூடுதலான பெட்டிகளை அடுக்கலாம் என்றும், இவை போன்ற மாற்றங்களால் ஆண்டுக்கு 20 லட்சம் டன் கார்பன் உமிழ்வு தவிர்க்கப்படும் என்றும் அவர் சொன்னார். என் மேசை இழுப்பறையிலும் பழைய சார்ஜர்கள் மூன்று கிடந்தன. அந்த அளவில் வாதம் சரியாகவே பட்டது. ஆனால் பெட்டியில் வைக்கப்பட்ட கேபிளின் ஒரு முனை யுஎஸ்பி-சி வகை. அதுவரை விற்ற பெரும்பாலான ஐபோன்களுடன் வந்த 5 வாட் சார்ஜரிலோ பழைய அகன்ற துளைதான் உண்டு. பழைய கேபிளும் பழைய சார்ஜரும் வைத்திருந்தவர்கள் மெதுவாகச் சார்ஜ் செய்துகொள்ளலாம். புதிய கேபிளைப் பயன்படுத்தவோ வேகமாகச் சார்ஜ் செய்யவோ விரும்பியவர்கள், வேறு யுஎஸ்பி-சி சார்ஜர் கையில் இல்லாவிட்டால், அமெரிக்காவில் 19 டாலருக்கு விற்கப்பட்ட 20 வாட் சார்ஜரைத் தனிப் பெட்டியில் வாங்க வேண்டியிருந்தது. பழையதை மறுபடி பயன்படுத்துங்கள் என்று கேட்கும் நிறுவனம் பழையதில் பொருந்தும் கேபிளை அல்லவா உள்ளே வைத்திருக்க வேண்டும்? 2022 செப்டம்பரில் பிரேசில் அரசு சுமார் 1.2 கோடி ரியால் அபராதம் விதித்து, சார்ஜர் இல்லாத ஐபோன்களின் விற்பனையை நிறுத்தும்படி ஆணையிட்டபோது, சார்ஜர் இல்லாத செல்பேசி முழுமையற்ற பொருள் என்ற வாதம் அதில் முக்கிய இடம் பெற்றது.

சார்ஜரை நீக்குவது ஆப்பிளுக்கு உற்பத்திச் செலவையும் சரக்குச் செலவையும் குறைக்கும் செயல். நன்மையும் இலாபமும் ஒரே திசையில் இருப்பதில் தவறில்லை. அதை வைத்துக்கொண்டு உறுதியை அளக்க முடியாது என்பதே என் எண்ணம். இரண்டும் எதிரெதிராக நிற்கும் இடம் செல்பேசியின் ஆயுள். ஆப்பிள் தானே வெளியிடும் அறிக்கைகளின்படி, ஓர் ஐபோனின் மொத்தக் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. நாம் ஆண்டுக்கணக்கில் சார்ஜ் செய்யும் மின்சாரத்தின் பங்கு அதற்கு மிகவும் கீழே. ஆகவே மூன்று ஆண்டுகளில் தூக்கிப் போடும் செல்பேசியை ஆறு ஆண்டுகள் வைத்திருப்பது, அந்த உமிழ்வின் ஆண்டுச் சுமையைப் பாதியளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

இங்கே ஆப்பிளின் வரலாறு எனக்கு வருத்தம் தருகிறது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை, பயனர்களிடம் தெளிவாகச் சொல்லாமல் இருந்துவிட்டு, 2017 டிசம்பரில்தான் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்ற அதன் விளக்கத்தில் தொழில்நுட்ப நியாயம் உண்டு. ஆனால் பேட்டரியை மாற்றினாலே சரியாகிவிடும் என்பதை அறியாமல் புதிய செல்பேசி வாங்கியவர்களுக்கு அந்த விளக்கம் காலம் கடந்தே கிடைத்தது. பயனர்களுக்குத் தெரிவிக்காத குற்றத்துக்காக 2020 பிப்ரவரியில் பிரான்சு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. எதிர்ப்பைத் தணிக்க, 2018-ஆம் ஆண்டு முழுவதும் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், வருவாய் எதிர்பார்ப்பை எட்டாததற்கான காரணங்களுள் ஒன்றாக, மலிவான பேட்டரி மாற்றத்தைப் பலர் பயன்படுத்திக்கொண்டதையும் தலைமை நிர்வாகி டிம் குக் குறிப்பிட்டார். இந்த மதிப்புரையில் நான் மிகுந்த எடை தருவது அந்தக் கடிதத்துக்குத்தான். பூமிக்கு நல்லதாக அமைந்த ஓராண்டு, நிறுவனத்தின் கணக்கில் வருவாய்க் குறைவுக்கான காரணமாகப் பதிவானது.

பழுதுபார்ப்பிலும் இதே நிலைதான் நீடித்தது. உதிரிபாகங்களை மென்பொருளால் குறிப்பிட்ட செல்பேசியோடு பிணைத்துவிடும் முறையினால், இரண்டு உடைந்த ஐபோன்களைக் கொண்டு ஒன்றைச் சரிசெய்வதுகூடக் கடினமாயிற்று. இதன் காரணமாகவே, கருவிகளைப் பிரித்துப் பார்த்து அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் நிறுவனம், ஐபோன் 14-க்கு முதலில் தந்த 10-க்கு 7 என்ற மதிப்பெண்ணை 2023 செப்டம்பரில் 4 ஆகக் குறைத்தது. பயனர்கள் தாமே பழுதுபார்க்கும் திட்டத்தை 2022-இல் தொடங்கியதும், 2024 இலையுதிர் காலத்திலிருந்து பழைய அசல் உதிரிபாகங்களைப் பொருத்த வழிசெய்வதாக அறிவித்ததும் நல்ல மாற்றங்களே. எனினும், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இத்தகைய பிணைப்பைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது ஆப்பிள் அதை எதிர்த்தது. யுஎஸ்பி-சி துளையும் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமியற்றிய பிறகே, 2023-இல், ஐபோனுக்கு வந்தது. அதற்கு முன் ஒரே வகைச் சார்ஜர் முறை மின்னணுக் கழிவைப் பெருக்கும் என்று ஆப்பிள் வாதிட்டுவந்தது.

மறுசுழற்சிக்காக அந்நிறுவனம் பெருமையோடு காட்டும் டெய்சி என்ற இயந்திரம் மணிக்கு 200 ஐபோன்களைப் பிரித்தெடுக்கும் என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் ஓர் இயந்திரத்தின் ஆண்டுத் திறன் 12 லட்சம். அது அறிமுகமான 2018 நிதியாண்டில் விற்ற ஐபோன்களோ 21 கோடிக்கும் மேல்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை என் மதிப்பீடு வேறு. 2018 முதல் தன் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் தரவு மையங்களுக்கும் தேவையான மின்சாரம் முழுவதற்கும் ஈடாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பெறுவதோடு நில்லாமல், பொருள்களைச் செய்து தரும் நிறுவனங்களையும் அந்த வழிக்கு ஆப்பிள் இழுத்துவருகிறது. 2015-ஐ ஒப்பிட மொத்த உமிழ்வு 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துள்ளதாக அது 2025-இல் அறிவித்தது. 2030-க்குள் நிகர உமிழ்வை இல்லாமலாக்கும் இலக்கு, ஐபோன்கள் பொருத்தித் தயாரிக்கப்படும் நம் திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளையும் உள்ளடக்கியது என்பதால், அதன் வெற்றியில் நமக்கும் பங்கு உண்டு. இந்த உழைப்பை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

அந்த நல்ல பெயரை நிறுவனமே கெடுத்துக்கொண்டது 2023-இல் வந்த கைக்கடிகாரத்தில். குறிப்பிட்ட உறையும் பட்டையும் சேர்ந்த சில வகைகளைக் கார்பன் சமநிலைப் பொருள் என்று விற்றார்கள். அதாவது, உமிழ்வைக் குறைத்து, எஞ்சியதை வேறு வழியில் ஈடுசெய்துவிட்டோம் என்றார்கள். அப்படி ஈடாகக் காட்டியவற்றுள் ஒன்று, கார்பனை உறிஞ்சுவதற்காக வளர்க்கப்படும் பராகுவே நாட்டு யூகலிப்டஸ் தோட்டம். அந்நிலத்தின் 75 விழுக்காட்டுக்கான குத்தகை 2029-இல் முடிந்துவிடும், அதன் பிறகு தோட்டம் தொடரும் என்ற உறுதி இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 2025 ஆகஸ்டில் பிராங்க்பர்ட் நீதிமன்றம் ஜெர்மனியில் அந்த விளம்பரத்தைத் தடுத்தது. உமிழ்வைக் குறைத்ததை மட்டும் சொல்லியிருந்தாலே அந்தக் கடிகாரத்துக்குப் போதிய பெருமை கிடைத்திருக்கும்.

ஐபோன் 12-ஐப் பொறுத்தவரை, அதன் உண்மையான பசுமைக் குணமாக நான் மதிப்பது மென்பொருள் ஆதரவை. 2020-இல் வெளியான இந்தச் செல்பேசிக்கு 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-ம் கிடைத்துள்ளது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்குக்கூட 2023 ஜனவரியில் பாதுகாப்புத் திருத்தம் அளித்திருக்கிறார்கள். ஆகவே பழைய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, புதியதைப் பற்றி யோசிக்கும் முன் அமைப்புகளில் பேட்டரியின் கொள்ளளவைப் பாருங்கள் என்பதுதான். இந்த மாதிரியின் பேட்டரி, முழுமையாகச் சார்ஜ் ஆகும் 500 சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. என்னுடையது இப்போது 79-இல் நிற்கிறது. இந்த மாதமே புதிய பேட்டரி போடக் கொடுக்கவிருக்கிறேன். இன்னும் இரண்டு ஆண்டுகளாவது இதே செல்பேசியை வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.