பாக்கெட்ஸ்பிங்க்ஸ் 5: ஒலியன் பிரிக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

பேச்சைக் கேட்டு அடையாளம் காணும் மென்பொருள் பாக்கெட்ஸ்பிங்க்ஸ். அதைக் கொண்டு பேச்சை ஒலியன்களாகவும் (சொல்லின் பொருளை மாற்றவல்ல அடிப்படை ஒலிகள்) பிரிக்கலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இது இலவசம். இணையமும் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். பைத்தான் நிரல்மொழியில் 'பிப்' என்ற நிறுவல் கருவியால் நிறுவினால் அமெரிக்க ஆங்கில ஒலி மாதிரியும் (ஒவ்வொரு ஒலியும் எப்படி இருக்கும் என்ற கணக்கு) கூடவே இறங்கும்.

மாதிரிக் கோப்புறையில் இருப்பவை பெரும்பாலும் எண் அட்டவணைகள்தான்: சராசரி ஒரு கோப்பு, பரவல் ஒரு கோப்பு, ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நிகழ்தகவு இன்னொன்று. பேச்சை நொடிக்கு 100 சட்டகமாக நறுக்கி, ஒவ்வொன்றையும் 39 எண்களாக்கி, அட்டவணையோடு பொருத்திப் பார்த்து, ஆங்கிலத்தின் 39 ஒலியன்களில் எது என்று தீர்மானிக்கிறது. (இரண்டும் 39 ஆனது தற்செயல், குழம்ப வேண்டாம்.)

சொல்லே இல்லாமல் ஒலியன் மட்டும் எடுக்க 'ஆல்போன்' முறை. பீம், பிபீம் (வாய்ப்புக் குறைந்த பாதைகளை எங்கே வெட்டுவது என்ற வரம்புகள்) இரண்டும் 10-இன் மைனஸ் 20-ஆம் அடுக்கு, எல்டபிள்யூ (மொழி ஊகத்துக்குத் தரும் எடை) 2.0 என்று தொடங்கலாம். பீமை இறுக்கினால் வேகம் கூடும், ஆனால் சரியான பாதை பாதியிலேயே வெட்டுப்படும். எல்டபிள்யூவை ஏற்றினால் காதில் விழுந்ததை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் அடுத்து என்ன வரும் என்ற ஊகத்தையே எழுதத் தொடங்கும்.

ஆடியோ 16,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 44,100-இல் பதிந்ததை எஃப்எஃப்எம்பெக் என்ற ஆடியோ-வீடியோ மாற்றியில் 16,000-க்கு இறக்கிக்கொள்ளலாம். தொலைபேசியின் 8,000-ஐ மேலே ஏற்றுவது வீண்: 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது, 'ஸ', 'ஃப' போன்ற உரசொலிகளுக்கு அடையாளமே அங்கேதான். கோப்பாகக் கொடுக்கும்போது சிஎம்என்னை (மைக்கின் தன்மையைக் கழித்துச் சமன்செய்யும் அமைப்பு) 'பேட்ச்' என்று மாற்றுங்கள். 'லைவ்' என்றே விட்டால், மைக்கின் தன்மையைக் கணித்து முடிப்பதற்குள் முதல் ஓரிரு சொற்கள் கெட்டுப்போகும்.

தமிழ்ப் பேச்சைக் கொடுத்தால்? ந, ன, ண மூன்றுக்கும் அட்டவணையில் ஆங்கில 'N' ஒலியன் ஒன்றுதான். ழகரத்துக்கு இடமே இல்லை, பக்கத்தில் கிடைத்த ஏதோ ஒன்றில் போய் ஒட்டும். பல்லி, பள்ளி பிரியாது. பலி, பல்லி வேறுபாட்டைச் சட்டக எண்ணிக்கையில் வேண்டுமானால் தேடலாம்.

ஆகவே தமிழ்ப் பேச்சை எழுத்தாக மாற்ற இதை வாங்காதீர்கள் (இலவசமென்றாலும்). கார்ட்டூன் உதட்டசைவுக்குத் தாராளமாகப் போதும்: உதட்டசைவு அமைக்கும் ரூபார்ப் லிப் சிங்க் என்ற கருவி ஓடுவதே இதன்மேல்தான், ஆங்கிலம் அல்லாத பேச்சுக்கு அதில் 'ஃபோனெட்டிக்' என்று தனி விருப்பமும் உண்டு. ஆங்கில வசனம் எழுத்தாகக் கையில் இருந்தால் ஆல்போனை விட்டுவிட்டு 'அலைன்' கட்டளைக்குப் போங்கள். எந்த ஒலியன் என்று ஊகிக்கும் வேலை மிச்சம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் அது கணித்தால் போதும்.