எட்டு மாதம் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டு பைக் ஓட்டியதில் தெரிந்தவை

எட்டு மாதமாக மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போடாமல் பைக்கைத் தொடுவதில்லை. கை இல்லாத வகை, வழக்கமான ஜாக்கெட்டுக்கு மேலே மாட்டிக்கொள்வது. முன்னால் ஜிப், இடுப்பில் இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டும் பட்டை, மார்பையும் முதுகையும் சுற்றி சாம்பல் நிறப் பட்டைகள். வாங்கலாமா என்று கேட்டால், கண்டிப்பாக வாங்குங்கள் என்பேன். ஆனால் இது எங்கே வேலை செய்யும், எங்கே கைவிட்டுவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். விற்கிற இடத்தில் அந்தப் பாதியை யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல பகல் நேரம், காய்ந்த சாலை, நேரான பாதை. நான் 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன், கருஞ்சாம்பல் ஜாக்கெட், கறுப்பு ஹெல்மெட். பக்கச் சாலையின் வாயில் ஒரு கார் நின்றிருந்தது. ஓட்டியவர் என் பக்கம் தலையைத் திருப்பினார், முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, மூக்குக் கண்ணாடிகூடத் தெரிந்தது. சரி, பார்த்துவிட்டார், நிற்பார் என்று நினைத்து வேகத்தைக் குறைக்காமல் போனேன். கார் நகர்ந்து நேராக என் முன்னால் வந்தது. பிரேக்கைப் பிடித்தது நினைவிருக்கிறது, மோதியது நினைவில்லை. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கக் கட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, கையெல்லாம் நடுங்க, "தம்பி, சத்தியமா நீங்க வந்ததை நான் பாக்கவே இல்ல தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன், முகத்துக்கு நேராகப் பார்த்தவர் பார்க்கவில்லை என்றால் எப்படி நம்புவது?

கையில் கட்டோடு இருந்த வாரங்களில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தது. ஏறக்குறைய முக்கால்வாசி விபத்துகளில் இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டிருந்தது, அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கில் வழிவிட வேண்டிய மற்ற வண்டிக்காரர் வழிவிடாததுதான் காரணம். அவர்களில் பலர் பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை எடுத்துப் பார்த்த மெய்ட்ஸ் ஆய்விலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான விபத்துகளுக்கு முதற்காரணம் மற்ற வண்டியின் ஓட்டுநர் பைக்கைக் கவனிக்கத் தவறியதுதான். அத்தனை பேரும் போனை நோண்டிக்கொண்டு ஓட்டியவர்கள் இல்லை. திரும்பிப் பார்த்தும் தெரியாமல் போனவர்கள் அதில் நிறையப் பேர்.

காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. தலையைத் திருப்பிச் சாலையை ஒரு வீச்சில் பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, புள்ளி புள்ளியாகத் தாவுகிறது. தாவும் அந்த நேரத்தில் வரும் காட்சியை மூளை எடுத்துக்கொள்வதில்லை, இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. லாரி அந்த இடைவெளிக்குள் அடங்காது, பைக் அடங்கிவிடும். போதாததற்குக் காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூண். அந்தத் தூணின் நிழலுக்குள் பைக்கும் ஓட்டுபவரும் முழுசாக மறைந்துபோகலாம், இரண்டு வண்டியும் ஒரே சீரான வேகத்தில் சந்திப்பை நெருங்கினால் பல நொடிகளுக்கு மறைந்தபடியேகூட வரலாம். அப்புறம் எதிர்பார்ப்பு. காரையும் லாரியையும் தேடுகிற மூளை, தேடாத ஒன்று கண்ணில் பட்டாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். பார்த்துவிட்டால்கூடப் பிரச்சினை தீரவில்லை. சின்ன உருவம் தூரத்தில் இருப்பதாகவும், வந்து சேர இன்னும் நேரம் இருப்பதாகவும் மனித மூளைக்குத் தோன்றும், அதே வேகத்தில் அதே தூரத்தில் லாரி வந்தால் அப்படித் தோன்றாது. "போயிடலாம்" என்று அவர்கள் நகர்த்துவது அந்தத் தப்புக் கணக்கில்தான்.

இந்த நாலு காரணங்களில் எத்தனையை ஒரு மஞ்சள் ஜாக்கெட் சரிசெய்யும்? நான் தினமும் பார்த்தது இதைத்தான்.

பகலில் நன்றாகவே வேலை செய்கிறது. ஃப்ளோரசன்ட் துணி வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றித் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் சாதாரண மஞ்சள் சட்டையைவிட அது தானாகவே எரிவது மாதிரி தெரிகிறது. அந்த மஞ்சள் கலந்த பச்சை, நம் கண் பகலில் மிக எளிதாகப் பிடிக்கும் நிறத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் காரணம். என் அண்ணனை ஜாக்கெட்டோடு நேர்ச்சாலையில் நிற்கவைத்துவிட்டு, நான் பின்னால் நடந்துகொண்டே போய்ப் பார்த்தேன். முந்நூறு அடி எடுத்து வைத்த பிறகும் அவன் நின்ற இடத்தில் மஞ்சள் புள்ளி பளிச்சென்று இருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னேன், கீழே போட்டிருந்த பழுப்புச் சட்டை பின்னால் இருந்த சுவரோடு கலந்துவிட்டது, ஆள் நிற்பதே கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. மேகம் கவிந்த நாளிலும் சூரியன் சாயும் நேரத்திலும் சுற்றியுள்ள நிறமெல்லாம் மங்கும்போது இது மட்டும் மங்காமல் நிற்கிறது.

ஒரு விஷயம், பின்னணி முக்கியம். இரண்டு பக்கமும் பச்சைப்பசேல் என்று மரமும் வயலும் இருக்கும் பாதையில் மஞ்சள்பச்சை அவ்வளவு எடுப்பாகத் தெரிவதில்லை, அங்கே ஆரஞ்சு மேல். கட்டடங்களும் தாரும் சிமென்ட்டும் சூழ்ந்த இடத்துக்கு மஞ்சள். நீங்கள் அதிகம் ஓட்டும் பாதை எது என்று பார்த்து நிறத்தை எடுங்கள்.

இரவில் கதை வேறு. வெயில் இல்லாதபோது ஃப்ளோரசன்ட் வெறும் வெளிர்நிறத் துணிதான், அப்போது வேலை செய்வது சாம்பல் பட்டைகள் மட்டுமே. அவற்றில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பின்னால் வரும் காருக்கு இது பிரமாதம். ஹெட்லைட் என் முதுகில் விழும், அது அப்படியே அந்த ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பும். இதைப் போட ஆரம்பித்ததிலிருந்து இரவில் என் முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிற கார்கள் கண்கூடாகக் குறைந்துவிட்டன, கொஞ்சம் தள்ளியே வருகிறார்கள், முந்தும்போதும் இடம் விட்டு முந்துகிறார்கள். இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

ஆனால் எனக்குப் பகலில் நடந்த அதே விபத்து இரவில் நடந்திருந்தால்? பக்கச் சாலையில் நிற்கும் காரின் ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நேர் எதிரே, சாலைக்குக் குறுக்காக. நானோ அவருக்குப் பக்கவாட்டிலிருந்து வருகிறேன். என் மேல் அவர் ஹெட்லைட் விழவே விழாது, விழாத வெளிச்சத்தை எந்தப் பட்டையும் திருப்பி அனுப்பாது. விழும்போது நான் அவர் காரின் மூக்குக்கு முன்னால் இருப்பேன். அதாவது பைக்காரர்களை அதிகம் அடிக்கிற அந்தச் சந்திப்பு விபத்தில், இரவு நேரத்தில், இந்த ஜாக்கெட்டால் கிட்டத்தட்ட ஒரு பயனும் இல்லை. இதை நான் வாங்கிய பாக்கெட்டின் எந்த மூலையிலும் எழுதவில்லை. அட்டையில் இரவு நேரப் படம் போட்டு, ஆள் முழுக்க ஜொலிக்கிற மாதிரி காட்டியிருந்தார்கள். கேமராவின் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படத்தில் அப்படித்தான் வரும், சாலையில் வராது. உயிர் சம்பந்தப்பட்ட பொருளில் இப்படிச் செய்வது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

அந்த ஓட்டையை அடைக்க பைக்கில் வெளிச்சம்தான் வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கீழே இரண்டு பக்கமும் சின்ன விளக்குகளை மாட்டியிருக்கிறேன், ஹெட்லைட்டோடு சேர்த்து முக்கோணமாகத் தெரியும். ஒற்றை விளக்கு இருட்டில் வெறும் புள்ளி, அது நெருங்குகிறதா நிற்கிறதா என்று பிடிபடாது. மூன்று புள்ளி இருந்தால் அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளி விரிவதை வைத்து வேகத்தைக் கணிக்க முடிகிறது, சோதனைகளிலும் இப்படித்தான் தெரிந்திருக்கிறது. எதிரே வருபவர் கண் கூசாமல் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள், கூசவைத்தால் அவருக்கு நாம் தெரிவது இன்னும் குறையும்.

ஜாக்கெட்டுக்கே திரும்புகிறேன். முதுகுப்பை மாட்டினால் பின்பக்கம் முழுசும் போச்சு. முதல் மாதம் இதை யோசிக்கவே இல்லை, ஒருநாள் பின்னால் வந்த நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது முதுகுப்பையின் மேலே மாட்டும் மஞ்சள் உறை தனியாக வைத்திருக்கிறேன். அளவு விஷயத்தில், கீழே போடும் தடித்த ஜாக்கெட்டோடு அளந்து வாங்குங்கள். ஆனால் தொளதொள என்று வேண்டாம், 70-க்கு மேல் போனால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு கவனத்தைக் கெடுக்கிறது. பக்கப் பட்டையை இறுக்கினால் அடங்கிவிடுகிறது, அந்த ஒட்டும் பட்டை எட்டு மாதத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இன்னும் பிடிக்கிறது. ஜிப்பில் குறை இல்லை. வெயிலில் புழுக்கம் உண்டு, பக்கவாட்டில் வலைத்துணி உள்ளதாக எடுத்தால் பரவாயில்லை.

நிறம் வெளுக்கிறது, இதைக் கட்டாயம் கவனியுங்கள். உள்பையின் மடிப்பைத் திருப்பிப் பார்த்தால் அங்கே துணி வாங்கிய அன்று இருந்த மாதிரியே எரிகிறது, தோள்பட்டையில் பழைய எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. எந்த வெயிலால் மின்னுகிறதோ அதே வெயில்தான் சாயத்தை அழிக்கிறது. நிழலில் காயப்போடுங்கள், பட்டைகள் மேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், பிளீச் கூடாது. அழுக்கேறினாலும் பட்டை மங்கும்.

வாங்கும்போது உள்ளே தைத்திருக்கும் சீட்டில் ஐஎஸ்ஓ 20471 என்று இருக்கிறதா பாருங்கள், இந்த மாதிரி பளிச்சென்று தெரியும் உடைகளுக்கான சர்வதேசத் தர எண் அது. அதில் வகுப்பு 1, 2, 3 என்று உண்டு. என்னுடையது வகுப்பு 2, அதாவது ஃப்ளோரசன்ட் துணி குறைந்தது அரை சதுர மீட்டர், பட்டை 0.13 சதுர மீட்டர். சீட்டு இல்லாமல் விற்கிற சிலவற்றில் இருப்பது வெறும் மஞ்சள் துணியும் வெள்ளி நிற ரிப்பனும்தான். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: இருட்டறையில் பத்தடி தள்ளி மாட்டிவிட்டு, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடியுங்கள். நல்ல பட்டை விளக்கு போட்ட மாதிரி வெள்ளையாக எரியும், போலி சாம்பலாகவே கிடக்கும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. ஃப்ளோரசன்ட் அல்லது பிரதிபலிக்கும் உடை போட்டவர்களுக்கு விபத்தில் அடிபடும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு, கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு, பகலில் ஹெட்லைட் எரியவிட்டால் 27 சதவீதம் குறைவு. இப்படி உடுத்துபவர்கள் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுபவர்களாகவும் இருக்கலாம், அதனால் முழுப் பெருமையையும் துணிக்கே கொடுக்க மாட்டேன். ஆனாலும் கறுப்பு ஹெல்மெட்டை வெள்ளைக்கு மாற்றிவிட்டேன். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு மார்பில் பாதி பைக்கின் முன்பாகத்தில் மறைந்துவிடும், தலை மறையாது.

ஆறாவது மாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மறுபடி பகல், மறுபடி பக்கச் சாலை, மறுபடி நிற்கும் கார். இந்தத் தடவை உடம்பெல்லாம் மஞ்சள், தலையில் வெள்ளை, மூன்று விளக்கும் எரிகிறது. ஓட்டிய அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காரின் முன்சக்கரத்தைப் பார்த்தேன், விரல் பிரேக்கின் மேல், வேகம் ஏற்கெனவே 30-க்குக் கீழே, என் தடத்துக்குள்ளேயே லேசாக இடமும் வலமும் அசைந்துகொண்டு வந்தேன். நேர்கோட்டில் வரும் உருவத்தைவிடப் பக்கவாட்டில் அசைவது கண்ணில் சீக்கிரம் படும் என்று படித்த நாளிலிருந்து சந்திப்புகளில் இப்படித்தான். சக்கரம் உருண்டது. நிறுத்திவிட்டேன், இரண்டு கை நீளம் மிச்சம் இருந்தது. அவர் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கி, "ஐயோ, எங்கிருந்துப்பா வந்த?" என்றார். அவ்வளவு மஞ்சளும் அவர் கண்ணில் விழுந்திருக்கும், மனதில் விழவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அட்டைப்படம் உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு. தங்கை அடுத்த மாதம் பைக் எடுக்கிறாள், அவள் போகும் வழி முழுக்க மரம், அவளுக்கு ஆரஞ்சில் ஒன்று வாங்கிவிட்டேன், முதுகுப்பைக்கான உறையோடு சேர்த்து. இன்னும் பிரிக்கவில்லை, இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.