மூன்று நிமிஷ மானிட்டர் காலிபரேஷன்: 2,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர்கள், போட்டோ எடிட்டிங் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மானிட்டர் காலிபரேஷன் என்றால் திரை காட்டும் நிறத்தை அளந்து சரிபண்ணுவது. "உங்கள் இடத்துக்கே வந்து மானிட்டர் காலிபரேஷன், சர்ட்டிபிகேட்டுடன்" என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தை நம்பி ஏமாந்தவன் நான். காலிபரேஷன் செய்ய வந்தவருக்குக் கொடுத்தது 2,500 ரூபாய். அது போனால் போகட்டும், ஒரு முழு ஆல்பத்தை என் கைக்காசில் திரும்ப அடிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆடி மாசம், முகூர்த்தம் கிடையாது, கடையில் வேலை குறைவு. சரி, இந்த நேரத்திலாவது மானிட்டரைச் சரிபண்ணி வைப்போம் என்று வரச்சொன்னேன். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பையிலிருந்து எலியளவில் ஒரு கருவியை எடுத்துத் திரையின் நடுவில் தொங்கவிட்டார். அதன் ஒயர் அவருடைய லேப்டாப்பில் சொருகியிருந்தது. லேப்டாப் மூடியிருந்தது. என் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவைப் போட்டு ஏதோ ஒன்றை ஓடவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று கட்டங்கள் மாறி மாறி வந்தன. மூன்றே நிமிஷம். "முடிஞ்சது சார்." புரொபைல் என்று ஒரு பைலை (திரையின் நிறம் எப்படி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பைல்) ஏற்றினார், பிரிண்ட் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அதில் டெல்டா ஈ 0.8 என்று இருந்தது. காட்ட வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 2-க்குக் கீழே இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல்.

ஆவணியில் முதல் கல்யாணம். பிரிண்ட் போடும் லேப்பிலிருந்து வந்த ஆல்பத்தைப் பிரித்ததுமே வயிற்றைக் கலக்கியது. எல்லாப் பக்கமும் இருட்டு. முகங்களில் மஞ்சள் பூசினது போல ஒரு சாயை. பெண்ணின் அம்மா ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "தம்பி, இது மயில்கழுத்துப் பட்டு. நீங்க பாசிப் பச்சையா காட்டியிருக்கீங்களே?" என்றார். லேப்பைத் திட்டலாம் என்று போன் போட்டால், "அண்ணே, உங்க பைலே அப்படித்தான் வந்துச்சு" என்றார் அங்கே இருந்த பையன். அவன் சொன்னது உண்மை.

நண்பர் ஒருவரின் கலரிமீட்டரை (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) வாங்கி வந்து, டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளை வைத்து நானே அளந்தேன். திரையின் வெள்ளை 7,800 கெல்வினில் நின்றது. வைக்க வேண்டியது 6,500. இந்த எண் ஏற ஏற வெள்ளை நீலமாகும். அதாவது திரை நீலம் பாய்ந்து கிடந்தது, நான் அதை ஈடுகட்ட ஒவ்வொரு படத்திலும் மஞ்சளை ஏற்றியிருக்கிறேன். பட்டு பச்சையானது அப்படித்தான். வெளிச்சம் சதுர மீட்டருக்கு 260 கேண்டிலா. பிரிண்டுக்குப் போகும் வேலைக்கு 80 முதல் 120 வரை வைப்பார்கள். திரை அவ்வளவு பளீரென்று இருந்தால் படத்தை நாமாகவே இருட்டாக்கிவிடுவோம், தாளில் இன்னும் இருட்டாக வரும்.

அப்புறம் விண்டோஸின் கலர் மேனேஜ்மென்டைத் திறந்து அவர் ஏற்றிய புரொபைலைப் பார்த்தேன். பெயர் வேறொரு கம்பெனி மானிட்டருடையது. பைலின் தேதியோ 2021. சர்ட்டிபிகேட்டிலும் அதே மாடல் பெயர்தான் இருந்திருக்கிறது; 0.8-ஐப் பார்த்து மயங்கியவன் அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை. ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கினாலே நிறம் ஒன்றாக இருக்காது. இது அடுத்த வீட்டுத் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டிவிட்ட கதை. திரையில் ஓடியது வெறும் வீடியோ, அந்தக் கருவி எதையும் அளக்கவே இல்லை.

போன் செய்தேன். "அது டெம்ப்ளேட் சார், எல்லாருக்கும் அதுதான் போடுவோம்" என்று கூசாமல் சொன்னார். அடுத்த நாளிலிருந்து போனை எடுப்பதில்லை.

யாரையாவது வரவழைப்பதாக இருந்தால் அவர் கையைப் பாருங்கள். கருவியின் ஒயர் உங்கள் கம்ப்யூட்டரில் சொருகியிருக்க வேண்டும், ஏனென்றால் திரையைத் திருத்தும் வளைவுகள் (எந்த நிறத்தை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்ற கணக்கு) உங்கள் கிராபிக்ஸ் கார்டு வழியாகத்தான் போகின்றன. மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். வேலை தெரிந்தவர் நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ் எல்லாம் அணைத்தாயிற்றா என்று கேட்பார். முக்கியமாக, நடுவில் நிறுத்தி மானிட்டரின் பட்டன்களை அழுத்தி வெளிச்சத்தைக் குறைப்பார், சிவப்பு பச்சை நீலத்தைக் கூட்டிக் குறைப்பார். எனக்கு வந்தவர் மானிட்டர் பட்டனைத் தொடவே இல்லை. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். முடிந்ததும் புரொபைலில் உங்கள் மானிட்டர் பெயரும் அன்றைய தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை அப்புறம் எடுக்கலாம்.

நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கலரிமீட்டரைப் பொதுவில் வாங்கி, மாசம் ஒரு முறை ஆளுக்கொரு நாள் வைத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். தனியாக வாங்கப் பணம் இருந்தாலும் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

ஆல்பத்தை 9,800 ரூபாய்க்குத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா பட்டுச் சேலையையே பையில் போட்டுக் கொண்டுவந்து, பக்கத்தில் விரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். "இப்ப பரவாயில்ல தம்பி. ஆனா முந்தானை இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார். அந்தத் தூக்கல் எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான நிற வரம்பு) எல்லைக்குள் அடங்காது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.