சைக்கிள் பாகங்கள்: மலிவா, தரமா?

சைக்கிளுக்கு எந்தப் பாகம் வாங்கினாலும் விலையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை யோசிப்பேன்: ஓட்டிக்கொண்டிருக்கும்போது இது உடைந்தால் எனக்கு என்ன ஆகும்?

பெல், பாட்டில் கூடு, சீட் உறை எல்லாம் உடைந்தால் எரிச்சல்தான் வரும், அடிபடாது. இவற்றை மலிவாகவே வாங்கலாம். செயின் இரண்டுங்கெட்டான். சாதாரண செயின் போதும், ஆனால் அளந்து பார்க்க வேண்டும். புதிய செயினில் 24 கண்ணிகள் 304.8 மி.மீ. இருக்கும். அது ஒன்றரை மி.மீ. நீண்டுவிட்டால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஹேண்டில்பார் விஷயம் அப்படி இல்லை. இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் உடையும். அலுமினியம் ஒவ்வொரு குலுக்கலையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் கவ்வும் இடத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள், மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. கார்பன் இழையில் செய்த ஹேண்டில்பாரில் அந்தக் கோடுகூட வெளியே தெரியாமல் போகலாம், சட்டென்று முறியும். அதனால் பெரிய பிராண்டு பெயர் ஒட்டிய போலி கார்பனும், அதே விலையில் நல்ல நிறுவனத்தின் அடிமட்ட அலுமினியமும் எதிரெதிரே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அலுமினியம்தான். எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்தில் ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் சேர்த்து, சோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் 1,00,000 தடவை அழுத்தி இழுத்துச் சோதிக்கிறார்கள். போலி செய்பவர் அந்தச் சோதனைக்கான செலவைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் இதே கதைதான்.

பிரேக் கட்டையில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை. நல்ல கட்டையே மற்ற பாகங்களை வைத்துப் பார்த்தால் விலை குறைவு. ஒருமுறை மலிவான கட்டை போட்டேன். மழையில் லீவரை முழுக்க அழுத்தியும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் கழற்றிப் பார்த்தால் கல் மாதிரி இறுகிய ரப்பர், அதற்குள் ரிம்மிலிருந்து சுரண்டிய வெள்ளிப் பொடி மினுங்கியது. பிரேக் கம்பியும் அப்படித்தான். லீவருக்குள் கம்பி முனையின் குண்டு உட்காரும் இடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சரி, கையில் ஒரு நல்ல டயருக்குத்தான் காசு இருக்கிறதா? முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது.