சண்முகானந்தா ஹால்: தாளம் கேட்கப் போகிறவர்களுக்கு

மும்பையில் மிருதங்கமோ மண்பானைக் கடமோ கையில் பிடித்துத் தட்டும் கஞ்சிராவோ தபலாவோ நேரில் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சயான் சண்முகானந்தா ஹால்தான். பாட்டு கேட்க இந்த ஊரில் வேறு நல்ல அரங்குகளும் உண்டு. தோல் பேசுவதைக் கேட்க எனக்கு இதுதான் இடம்.

நான் தாராவிக்காரன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்தவர். தோல் பை தைக்கும் பட்டறை எங்களுடையது. கோவில் கொடையில் உறுமியும் தவிலும் கேட்டு வளர்ந்த காது. அதனால் கச்சேரிக்குப் போனாலும் பாடகரைவிட அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் கண் போகும். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்டிய வாத்தியம் மிருதங்கம். தோலைக் கையில் தொட்டுப் பழகியவனுக்கு அதில் தனி ஈர்ப்பு.

இந்த ஹாலை நடத்தும் சபாவை 1952-இல் ஆரம்பித்திருக்கிறார்கள். ஹால் திறந்தது 1963-இல். 1990-இல் தீயில் எரிந்து, மறுபடி எழுப்பிய கட்டடம்தான் இப்போது நாம் பார்ப்பது. இருக்கைகள் 2,763. பலகையில் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பெயரோடு நீளமாக எழுதியிருக்கும். டாக்ஸிக்காரரிடம் ‘ஷண்முகானந்த்’ என்றால் போதும்.

எங்கே உட்கார்வது என்பதுதான் பலர் கேட்கும் கேள்வி. கீழ்த்தளம், அதற்கு மேல் இரண்டு பால்கனி. பணம் இருந்தால் முன்வரிசை என்று எல்லோரும் சொல்வார்கள். வாசிக்கிறவர் கையைப் பார்க்க வேண்டுமானால் அது சரி. ஆனால் மேடைக்கு நேர் நடுவில் வேண்டாம், கொஞ்சம் ஓரமாக எடுங்கள். கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கக்காரர் பெரும்பாலும் பாடகரைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்வார். அவருடைய வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் பக்கம், உங்கள் பக்கம் வருகிற மாதிரி இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் தேவையில்லை. இடந்தலையான தொப்பியில் ரவை அப்புவதையும், பாட்டுக்கு நடுவே கல்லால் தட்டிச் சுருதி கூட்டுவதையும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். மேடை விளக்குச் சூட்டில் தோல் இறுகச் சுருதி ஏறும். கஞ்சிராக்காரர் விரலில் நீர் தொட்டு உள்பக்கமாகத் தடவுவார், தோல் தளர்ந்து சுருதி இறங்கும். இடது கை விரல்கள் விளிம்பருகே அழுத்த அழுத்த, சின்னப் பலாமரச் சட்டத்துக்குள் இருந்து அந்தக் ‘கும்’ வளைந்து வளைந்து வரும். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்பது பெரிய சுகம்.

கேட்க மட்டும் வந்தால் நான் முதல் பால்கனிக்குத்தான் போவேன். அங்கே இடந்தலையும் வலந்தலையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாக வந்து சேரும். இரண்டாம் பால்கனியில் ஆட்கள் பொம்மை அளவுக்குத் தெரிவார்கள். அங்கே போனால் கண்ணை மூடிக் கேளுங்கள்.

வீடியோ இருக்கும்போது எதற்கு இவ்வளவு சிரமம் என்று என் மச்சான் கேட்பான். வீடியோவுக்கு நான் ரொம்பவே கடன்பட்டவன். முத்தாய்ப்பாக வாசிக்கும் தாளக் கோப்புகளான மோராவும் கோர்வையும் எனக்குப் பிடிபட்டதே யூடியூபில்தான். பாதி வேகத்தில் ஓடவிட்டு, கோர்வை மூன்று தரம் வந்து பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் போய் விழுவதை விரல்விட்டு எண்ணிப் பழகினேன். விக்கு விநாயக்ராமின் கடமும், அவர் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் பட்டறையில் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே ஓடும். 2024-இல் சக்தி என்ற இசைக்குழுவுக்குக் கிராமி விருது வந்த அன்று பையன்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். எழுபதுகளில் விநாயக்ராம் கடம் வாசித்த குழு, விருது வாங்கியபோது மகன் கஞ்சிராவோடு, பாட்டுக்கு நம்ம செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன். சந்தோஷம் இருக்காதா?

ஆனால் தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் பெரும்பாலான வீடியோக்களில் கேமரா பாடகரின் முகத்துக்குப் போய்விடும். அவர் தலையாட்டுவதைக் காட்டுவார்கள், தம்புராவைக் காட்டுவார்கள். தாளச் சொற்கட்டு விழுகிற நேரத்தில் கை திரையில் இருக்காது. அரங்கில் யாரைப் பார்ப்பது என்பதை நானே முடிவு செய்கிறேன். மிருதங்கம் ஒரு சொல்லை விட்டு, கடம் அதை எடுத்துக்கொள்ளும் அந்த நொடியில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள் பாருங்கள், அதற்காகத்தான் டிக்கெட் எடுக்கிறேன்.

தனி தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கிப் பிடித்தவர்களுக்குச் சபை கொடுக்கிற நேரம் அது. தயவுசெய்து உட்காருங்கள். இன்னொன்றும் சொல்ல ஆசை. மேடையில் எல்லோர் பெயரையும் அறிவிக்கிறோம், அந்த மிருதங்கத்துக்குத் தோலைக் கட்டி மூட்டு அடித்தவர் பெயரை அறிவிப்பதில்லை. அதையும் சொன்னால் என்ன?

இந்த ஹாலோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது பிப்ரவரி 3. தபலா மேதை உஸ்தாத் அல்லா ரக்கா 2000-இல் மறைந்த நாள். மகன் ஜாகிர் ஹுசைன் அப்பாவின் நினைவாக இங்கே விடிகாலையில் தொடங்கி இரவு வரை தாள விழா நடத்திவந்தார். தபலா, பக்கவாஜ், நம் தென்னாட்டு வாத்தியங்கள், நாட்டுப்புறக் கொட்டு, வெளிநாட்டு டிரம்ஸ் என்று எதற்கும் மேடை உண்டு. அவ்வளவு பெரிய கலைஞர், கலைஞர்களைத் தானே அறிமுகம் செய்துவைப்பார். இருட்டோடு கிளம்பி, தாராவி 90 அடி சாலையில் இருந்து ரயில் பாதையைத் தாண்டி நடந்தே போவோம். 2024 டிசம்பரில் அவர் போய்விட்டார். அன்று பட்டறையில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

கச்சேரி முடிந்ததும் ஓடாதீர்கள். ஒருமுறை மேடையோரத்தில் காத்திருந்து ஒரு மூத்த கஞ்சிரா வித்வானிடம் என் மகனைக் கூட்டிப் போனேன்.

“ஐயா, இவன் வீட்ல தட்டு, டப்பா எல்லாத்தையும் தட்டிக்கிட்டே இருக்கான்.”

“தட்டட்டும். வாயால சொல்லிட்டுத் தட்டச் சொல்லுங்க,” என்று கஞ்சிராவை அவன் கையிலேயே கொடுத்தார். தோல் இன்னும் ஈரமாக இருந்தது. முன்பு கஞ்சிராவுக்குப் போட்ட உடும்புத்தோலுக்குச் சட்டம் தடை போட்டிருப்பதையும், இது ஆட்டுத்தோல் என்பதையும் எனக்கு விளக்கினார். பதனிடுவது பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கு நின்று நிதானமாகப் பதில் சொன்னார். அன்றிலிருந்து மகன் ‘தகதிமி தகஜுணு’ சொல்லாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடுவதில்லை.

டிக்கெட்டை முடிந்தால் கவுண்டரிலேயே இருக்கை வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஆன்லைன் செயலியில் வாங்கியபோது ‘பால்கனி’ என்று மட்டும் போட்டிருந்தார்கள், எந்தப் பால்கனி என்பது வாசலில்தான் தெரிந்தது. கார் கொண்டுவர வேண்டாம், காந்தி மார்க்கெட் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். சி.எஸ்.எம்.டி. பக்கமிருந்து ஹார்பர் லைனில் வருகிறவர்கள் கிங்ஸ் சர்க்கிளில் இறங்க வேண்டுமானால் அந்தேரி பக்கம் போகும் வண்டியில் ஏறுங்கள். பன்வேல் வண்டி அந்த வழியாகவே போகாது. மத்திய ரயிலில் வந்தால் சயான். சாயங்காலக் கச்சேரி என்றால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி, மாட்டுங்காவில் கஃபே மெட்ராஸில் ரசவடையும் காபியும் முடித்துவிட்டு வாருங்கள். அங்கே வரிசை நிற்கும், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.