நாசரேத்திலேயே இருப்பதா, மணப்பாட்டுக்குக் குடிபோவதா?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் புராட்டஸ்டன்ட் சபை) குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவருக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் இரண்டு வழிகள்: சி.எஸ்.ஐ. மக்கள் நிறைந்த நாசரேத்திலேயே இருப்பது, அல்லது மணப்பாடு போன்ற கடற்கரைக் கத்தோலிக்க ஊருக்குக் குடிபோவது.

மணப்பாடு என்றால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். 1542இல் மறைபரப்ப புனித பிரான்சிஸ் சவேரியார் வந்த முத்துக்குளித்துறைக் கரை. மேட்டில் திருச்சிலுவைக் கோயில், செப்டம்பர் 14இல் திருவிழா. ஜெபமாலைக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் கூட்டம், என்பது பரம்பரை உறவும்கூட. வந்தவர் நெடுநாள் வந்தவராகவே இருப்பார்.

நாசரேத்தில் விளக்கம் சொல்லியே வாய் வலிக்கும். "மாதாவை ஏன் வணங்குகிறாய்?" என்பார் பெரியம்மா. சித்தப்பா வேதாகமத்தைத் திறந்து 66 புத்தகங்களை எண்ணிக் காட்டி, கத்தோலிக்க வேதாகமத்தில் கூடுதலாக உள்ள ஏழு எங்கிருந்து வந்தது என்பார். அவர்கள் கொடுத்த ஞானஸ்நானத்தையே கத்தோலிக்கச் சபை ஏற்கிறது, மறுபடி கொடுப்பதில்லை என்றால் குரல் கொஞ்சம் தணியும். சபையார் கூடி உண்ணும் அசனப் பந்தியில் உட்காரத் தடையில்லை, ஆராதனையில் பாடலாம். ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமுமான திருவிருந்தை மட்டும் கத்தோலிக்கர் வாங்கக் கூடாது. எல்லோரும் எழுந்து போக, பெஞ்சில் தனியே உட்கார்ந்திருப்பதுதான் கடினம். அத்தைமார் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

என் தேர்வு நாசரேத்தான். கேள்வி கேட்க ஆளிருந்தால்தான் நாமும் படிக்கிறோம். வயதான பெற்றோர் இருப்பவர் யோசிக்கவே வேண்டாம். பிள்ளையின் புதுநன்மைக்கு (முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு) மறைக்கல்வி வகுப்பு பக்கத்திலேயே வேண்டும் என்பவர் மணப்பாட்டில் வீடு பார்க்கலாம்.